விறகு ஃபர்னஸும் மூணு கல் அடுப்பும்: புகைக்குச் சட்டம் வந்த கதை

வீட்டுக்கு விறகு எரிக்கும் ஃபர்னஸ் ஒன்று வாங்கியிருக்கிறேன் என்று சொன்னதும் கோயமுத்தூரில் இருக்கும் கல்லூரி நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "அட்டப்பாடியில வெறகு பொறுக்கினது பத்தாதுன்னு அமெரிக்கா போயுமாடா வெறகு?" என்றான். நியாயமான கேள்விதான். அவனுக்குப் பதில் சொல்வதற்காக அங்கும் இங்கும் படிக்கப் போய், ஒரு பெரிய சரித்திரமே கையில் சிக்கியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் ஃபர்னஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் புண்ணியவான்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது :-) நாங்கள் இருப்பது விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்குப் பகுதி. ஜனவரியில் மைனஸ் 25 டிகிரி வந்தாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். வீட்டின் அடித்தளத்தில் நிற்கும் பெரிய இரும்புப் பெட்டி காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்கள் வழியாக ஒவ்வோர் அறைக்கும் அனுப்பும். அதுதான் ஃபர்னஸ். ஊருக்குள் இருப்பவர்களுக்குக் குழாயில் கேஸ் வரும். நாங்கள் ஊருக்கு வெளியே. ஆகவே தோட்டத்தில் ஒரு புரொப்பேன் டேங்க். லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். 2014 ஜனவரியில் மிட்வெஸ்ட் முழுக்கப் புரொப்பேன் தட்டுப்பாடு வந்து விலை தாறுமாறாக ஏறியது. அந்தக் குளிர்காலத்தைப் பார்த்தவர்களுக்கெல்லாம் 'ஒரு ஓரமாக விறகும் இருக்கட்டும்' என்று தோன்றியது. எனக்குத் தோன்றியது காரியமாக இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

கடைக்குப் போனேன். கொஞ்சம் விலை குறைவாகப் பழைய மாடல் கிடைக்குமா என்று நம் ஊர் வழக்கப்படி கேட்டேன். கடைக்காரர் தலையை ஆட்டினார். "2020 மே 15க்கு அப்புறம் அந்தப் பழைய மாடலைப் புதுசாக விற்கக் கூடாது. வித்தா மாட்டறது நான்தான்" என்றார். பிறகு ஒரு ஃபர்னஸின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த வில்லையைக் காட்டினார். அதில் ஓர் எண் இருந்தது. பத்து லட்சம் பி.டி.யு. வெப்பத்துக்கு 0.15 பவுண்டு துகளுக்கு மேல் இந்த இயந்திரம் புகைக்காது என்பதற்கான சான்று அது.

நமக்குப் புரியும் கணக்கில் சொன்னால், ஒரு மெகாஜூல் வெப்பத்துக்குச் சுமார் 64 மில்லிகிராம் துகள். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்வி. என் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து போகும் புகையை மில்லிகிராம் கணக்கில் அளந்து சட்டம் போட்டிருக்கிறார்கள். அகளியில் என் அம்மா நாற்பது வருஷம் ஊதாங்குழலோடு உட்கார்ந்து ஊதினாரே, அந்தப் புகையை யாராவது எப்போதாவது அளந்தார்களா?

சட்டம் எங்கிருந்து தொடங்கியது

புகைச் சட்டம் என்றாலே எல்லோரும் லண்டனைச் சொல்வார்கள். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய நச்சுப்பனியில் சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரை போகின்றன. அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. சில பகுதிகளைப் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளாக அறிவித்தார்கள். அங்கே அனுமதிக்கப்பட்ட எரிபொருளை எரிக்கலாம், அல்லது விலக்கு பெற்ற அடுப்பை வைத்துக்கொள்ளலாம். வீட்டுக் கணப்பு அடுப்பைச் சட்டம் தொட்டது பெரிய விஷயம். அதுவரை புகைச் சட்டமெல்லாம் பெரும்பாலும் ஆலைகளின் மீதுதான்.

நம் நாடு இதில் ஒன்றும் பின்தங்கியிருக்கவில்லை என்பது எனக்கே புதிய செய்தி. கல்கத்தாவுக்கும் ஹௌராவுக்கும் 1863இலேயே புகைத் தொல்லைச் சட்டம் வந்துவிட்டது. 1905இல் வங்காளத்துக்கும் 1912இல் பம்பாய்க்கும் புதிய சட்டங்கள் வந்தன. நீராவி இயந்திர உலைகளும் ஆலைப் புகைபோக்கிகளும்தான் குறி. துரைமார் வாழ்ந்த நகரத்தின் வெள்ளைச் சுவர்களில் கரி படிந்தால் சும்மா இருப்பார்களா?

அமெரிக்காவில் விறகுக்குச் சட்டம் வந்தது எண்ணெயால். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் விலை ஏறியது. மக்கள் கூட்டம் கூட்டமாக விறகு அடுப்பு வாங்கினார்கள். மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு ஊர்களில் குளிர்காலப் புகை மேலே போக வழியில்லாமல் அப்படியே தேங்கியது. ஆரிகன் மாநிலம் இப்படிப்பட்ட பள்ளத்தாக்குகள் நிறைந்தது. 1983இல் அந்த மாநிலம்தான் முதன்முதலில் 'சான்று பெற்ற அடுப்பை மட்டுமே விற்கலாம்' என்று சட்டம் போட்டது. 1988இல் ஈ.பி.ஏ. என்கிற சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நாடு முழுவதற்கும் விதி கொண்டுவந்தது. 1990க்குப் பின் தயாராகும் சாதாரண விறகு அடுப்பு மணிக்கு 7.5 கிராம் துகளுக்கு மேல் விடக்கூடாது. வினையூக்கி வைத்த அடுப்புக்கு 4.1 கிராம்.

அந்த விதியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அறைக்குள் வைக்கும் அடுப்புக்கு மட்டும்தான் விதி. ஃபர்னஸுக்கும், வெளியில் கொட்டகை மாதிரி நிற்கும் விறகு பாய்லருக்கும் இல்லை. எனவே அவை பாட்டுக்குப் பழைய மாதிரியே புகைத்துக்கொண்டிருந்தன. குட்டையான புகைபோக்கி, ஈர விறகு, நாள் முழுக்கக் கனன்றுகொண்டே இருக்கும் நெருப்பு. புகை நேராகப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகும். புகார்கள் குவிந்தன. 2005இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் இந்த பாய்லர்களைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டது. சில மாநிலங்கள் தாங்களாகவே விதி போட்டன. கடைசியில் 2015இல்தான் ஈ.பி.ஏ. ஃபர்னஸையும் பாய்லரையும் விதிக்குள் கொண்டுவந்தது. அதன் இரண்டாம் கட்டம்தான் கடைக்காரர் சொன்ன 2020 மே 15. அடுப்புக்கு 1988, ஃபர்னஸுக்கு 2015. நடுவில் 27 வருஷம்.

இந்த விதி ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பழைய ஃபர்னஸைத் தொடாது. புதிதாகத் தயாரிப்பவரையும் விற்பவரையும்தான் கட்டுப்படுத்தும். வாங்குகிறவன் ஒன்றும் கணக்குப் போட வேண்டாம். வில்லையைப் பார்த்தால் போதும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. சுமை யாரால் தாங்க முடியுமோ அவர் மேல் வைத்திருக்கிறார்கள்.

எங்கே பார்த்தாலும் ஒரே வரிசையில் நடந்திருப்பதைக் கவனியுங்கள். ஒருவன் வீட்டுப் புகை அவன் வேலியைத் தாண்டி இன்னொருவன் மூக்கில் ஏறுகிறது. அந்த இன்னொருவனுக்குக் குரல் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். அப்புறம்தான் சட்டம் வருகிறது.

அகளியில் எண்ணப்பட்டது விறகு

அகளி தெரியாதவர்களுக்கு: கோயமுத்தூரிலிருந்து மேற்கே ஆனைகட்டி, அங்கே எல்லையைத் தாண்டிக் கோட்டத்துறை வழியாகப் போனால் அகளி. பாலக்காடு மாவட்டம், அட்டப்பாடி. இன்னும் மேற்கே முக்காலி. அங்கிருந்து மலைப்பாதை மண்ணார்க்காட்டுக்கு இறங்கும். முக்காலிக்கு வடக்கே மழைக்காடு, அதுதான் சைலண்ட் வேலி. எங்கள் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். காய்ந்த மலை, ராகி, சாமை, துவரை. 1956 நவம்பர் 1 வரை இதெல்லாம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். இருளர், முடுகர், குறும்பர் ஆகியோரின் மண். பின்னால் தமிழ்நாட்டுப் பக்கமிருந்தும் கேரளத்தின் மற்ற பகுதிகளிலிருந்தும் குடியேறியவர்கள் வந்தார்கள். எங்கள் குடும்பமும் அப்படி வந்ததுதான். 1951இல் பத்துப் பேரில் ஒன்பது பேர் பழங்குடிகளாக இருந்த இடத்தில் இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு.

இந்த மலையில் அரசின் கண் எப்போதும் மரத்தின் மேல்தான். தனியார் காடுகளைக் காக்க 1949இல் சென்னை அரசு சட்டம் போட்டது. 1971இல் கேரள அரசு தனியார் காடுகளைத் தன் வசம் எடுத்துக்கொள்ளும் சட்டம் போட்டது. அதற்குள் கிழக்கு மலைகள் பெரும்பாலும் மொட்டை. 1990களின் நடுவில் ஜப்பான் கடனுதவியோடு அகளியைத் தலைமையிடமாக வைத்து 'அஹாட்ஸ்' என்கிற அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கம் தொடங்கப்பட்டது. இருநூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுத் தரிசான மலைகளில் மரம் வளர்க்கும் திட்டம். யார் எவ்வளவு விறகு எடுக்கிறார்கள், எந்த மரத்தை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்பதற்கெல்லாம் விதி உண்டு. அந்த விறகு அடுப்பில் போய் எரிந்த பிறகு வரும் புகைக்கு ஒரு விதியும் கிடையாது.

1981இல் நாடு முழுவதற்குமான காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. அதை எடுத்துப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். 19ஆம் பிரிவில் 'அங்கீகரிக்கப்பட்ட எரிபொருள்', 'அங்கீகரிக்கப்பட்ட சாதனம்' என்ற சொற்கள் இருக்கின்றன. மாநில அரசு ஒரு பகுதியைக் காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்தால், அங்கே அங்கீகாரம் இல்லாத அடுப்பைத் தடை செய்யலாம். கிட்டத்தட்ட லண்டன் சட்டத்தின் சாயல். ஆனால் அந்தச் சட்டம் நடைமுறையில் ஆலைப் புகைபோக்கிகளோடு நின்றுகொண்டது. மலையில் ஒரு குடிசைக்குள் மூணு கல்லுக்கு நடுவில் எரியும் சுள்ளியை அது எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்து 'உன் அடுப்புக்கு அங்கீகாரம் இல்லை' என்று சொல்லியிருந்தால் அது கொடுமையாகத்தான் முடிந்திருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாற்று அடுப்பைக் கொடுக்காமல் தடை மட்டும் போட்டால் சோறு எப்படி வேகும்?

புகையில்லா அடுப்பு

சட்டம் வரவில்லையே தவிர, அடுப்பைத் திருத்த நினைத்தவர்கள் உண்டு. 1947 வாக்கில் வார்தாவில் 'மகன் சூல்ஹா' வந்தது. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி. ராஜு புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்து, 1953இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். லட்சக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாச் சமையலறை என்பதுதான் அவர் கனவு. பெண்ணின் கண்ணையும் மூச்சையும் நினைத்து அடுப்பைப் பார்த்த ஆரம்பகால எஞ்சினியர்களில் அவர் ஒருவர்.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் தனி இடம் உண்டு. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அமைப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1962இல் தொடங்கியது. அறிவியலை மலையாளத்தில் மக்களிடம் கொண்டு போனவர்கள். 1970களின் இறுதியில் குந்திப்புழையில் அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் சைலண்ட் வேலித் திட்டத்தை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர்கள். 1979இல் எம்.கே. பிரசாத், எம்.பி. பரமேஸ்வரன் முதலியோர் எழுதிய அவர்களுடைய அறிக்கை, அந்தத் திட்டத்தைப் பொருளாதாரக் கணக்கிலும் அலசியது. 1984இல் சைலண்ட் வேலி தேசியப் பூங்காவானது. 'அணை வேண்டாம் என்றால் எரிசக்திக்கு என்ன வழி?' என்ற கேள்வி இப்படிப்பட்ட எல்லாப் போராட்டங்களையும் துரத்தும். அதே பரிஷத்திடமிருந்து 1980களில் 'பரிஷத் அடுப்பு' வந்ததை நான் அந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். குறைந்த விறகில் சமைக்கலாம். புகை குழாய் வழியாக வெளியே போகும். 1987இல் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் முண்டூரில் ஐ.ஆர்.டி.சி. என்ற கிராமியத் தொழில்நுட்ப மையத்தையும் தொடங்கினார்கள். அகளியிலிருந்து பாலக்காடு போகும் பஸ் அந்த முண்டூர் வழியாகத்தான் போகும்.

அவர்கள் பரப்பிய இன்னொரு பொருள் சூடாறாப்பெட்டி. பாதி வெந்த சோற்றுப் பானையை இறக்கி, சூடு வெளியே போகாத பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் மீதி தானாக வேகும். எரியாத விறகுக்குப் புகையே கிடையாது அல்லவா?

மத்திய அரசும் 1980களில் தேசிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் கைவிடப்படும் வரை மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கொடுக்கப்பட்டதாகக் கணக்கு. ஆனால் அந்தத் திட்டத்தின் முதல் கேள்வி 'எவ்வளவு விறகு மிச்சம்?' என்பதுதான். மண் அடுப்புக்கு 20 சதவீத வெப்பத்திறன், உலோக அடுப்புக்கு 25 சதவீதம் என்று வரையறை வைத்தார்கள். புகையில் எவ்வளவு துகள் என்று எண் வைக்கவில்லை. காடு அழிகிறது என்ற கவலையில் பிறந்த திட்டம் அது. சமைக்கிறவளின் மூச்சு கூடுதல் நன்மையாக வந்தது.

பல வீடுகளில் அந்த அடுப்பு நிலைக்கவில்லை. அதற்குப் பெண்களைக் குறை சொல்ல முடியாது. குழாய் அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்ய ஆளில்லை. அண்டா வைத்தால் வாய் பொருந்தவில்லை. மழைக்காலத்தில் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கியது. இன்னொரு விஷயமும் உண்டு. எங்கள் பக்கத்தில் அடுப்புக்கு மேலே பரண் இருக்கும். விதைக்கு எடுத்து வைத்த ராகிக் கதிர், சோளக் கதிர், மிளகாய் எல்லாம் அங்கேதான். புகை பட்டால் வண்டு விழாது. கூரைக்கும் கரையான் வராது. புகை முழுக்க வெளியே போய்விட்டால் விதையை எங்கே வைப்பது? அடுப்பை வடிவமைத்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அளந்தவர்கள்

அந்தப் புகையை யாராவது அளந்தார்களா என்ற என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. அளந்தார்கள். ரொம்பத் தாமதமாக.

1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து குஜராத்தில் நான்கு கிராமங்களில், சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றை அளவெடுத்தார். 1983இல் வெளியான முடிவு: சமைக்கும் நேரத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 7 மில்லிகிராம் துகள். நகரத்துத் தெருவில் இதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிடுவார்கள். நம் தமிழ்நாட்டில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவைச் சேர்ந்த பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் நான்கு மாவட்டங்களில் 400க்கும் மேற்பட்ட கிராமத்து வீடுகளில் அளந்து 2002இல் வெளியிட்டார்கள். சமைக்கும் பெண்ணுக்கு அதிகம்; அதே வீட்டில் சமைக்காமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. 2019இல் இந்தியாவில் வீட்டுப் புகையால் ஏற்பட்ட இறப்புகள் சுமார் 6 லட்சம் என்று பின்னால் வந்த பெரிய ஆய்வொன்று மதிப்பிட்டது.

இவ்வளவு தெரிந்தும் உலகம் திரும்பிப் பார்த்தது எப்போது தெரியுமா? புகை கடலைத் தாண்டியபோது.

1999இல் இந்தியப் பெருங்கடலின் மேல் விமானங்களும் கப்பல்களும் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதை வழிநடத்தியவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர், சான் டியேகோவில் இருந்த வீரபத்ரன் ராமநாதன். கடலின் மேல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பழுப்புப் படலம். 2002இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டதும் பெரிய சர்ச்சை. வண்டி, ஆலை ஆகியவற்றோடு விறகு அடுப்பும் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. கரித்துகள் பருவமழையைக் குலைக்கும், பனிமலையை உருக்கும் என்றெல்லாம் பேச்சு வந்தது. ராமநாதன் அதோடு நிற்கவில்லை. வட இந்தியக் கிராமத்தில் நல்ல அடுப்புகளைக் கொடுத்து அளந்து பார்க்க 'சூர்யா' என்ற திட்டத்தையும் தொடங்கினார். 2010 செப்டம்பரில் ஹிலாரி கிளின்டன் உலகளாவிய தூய அடுப்புக் கூட்டணியை அறிவித்தார்.

வேலியைத் தாண்டினால் மாநிலச் சட்டம். கடலைத் தாண்டினால் உலகக் கூட்டணி. சமையலறைக்குள்ளேயே நின்ற புகைக்கு அதுவரை யாரும் கேட்பாரில்லை. அவள் மூச்சு அவள் வீட்டு விஷயமாக இருந்துவிட்டது.

64ம் 350ம்

இப்போது அந்த 64ஐ எடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பு விறகு அடுப்புக்கான ஐ.எஸ். 13152 தரத்தை 2013இல் திருத்தியது. விசிறி இல்லாத வீட்டு அடுப்பு ஒரு மெகாஜூல் வெப்பத்துக்கு 350 மில்லிகிராம் துகள் வரை விடலாம். விசிறி வைத்த அடுப்பு 150 வரை. சோதிக்கும் முறை இரண்டு நாட்டுக்கும் வேறு என்பதால் தராசில் வைத்த மாதிரி ஒப்பிட முடியாது. ஆனாலும் என் ஃபர்னஸின் 64, மூடிய இரும்புப் பெட்டியிலிருந்து குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போகிறது. அங்கே அந்த 350, குழாய் இல்லாத அடுப்பாக இருந்தால், சமைக்கிறவரின் முகத்துக்கு ஓரடி தூரத்தில். அதுவும் தரச் சான்று பெற்ற அடுப்பு. மூணு கல் அடுப்புக்குச் சான்றே கிடையாது.

அமெரிக்க வில்லையை அப்படியே நம்பவும் வேண்டாம். 2023 பிப்ரவரியில் ஈ.பி.ஏ.வின் சொந்தக் கண்காணிப்பு அதிகாரியே ஓர் அறிக்கை கொடுத்தார். விறகு அடுப்புகளைச் சரியாகச் சோதித்துத்தான் சான்று கொடுக்கிறார்கள் என்று உறுதி சொல்ல முடியாது என்றது அது. ஆய்வுக்கூடத்தில் காய்ந்த விறகை அளவாக அடுக்கி, நிபுணர் எரிப்பது ஒன்று. இரவு பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நான் கட்டையைத் திணித்துக் காற்றைக் குறைத்துவிட்டுப் படுக்கப் போவது வேறு.

இதே பாடத்தை ஒடிசாவும் சொல்கிறது. ரீமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் அங்கே சுமார் 2,600 வீடுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். புகைபோக்கி வைத்த புது மண் அடுப்பு கிடைத்த முதல் வருஷம் பெண்கள் இழுத்த புகை குறைந்தது. அப்புறம் அந்தப் பலன் மறைந்துவிட்டது. அடுப்பு விரிசல் விட்டது, குழாய் அடைத்தது, பராமரிப்பு இல்லை, பலரும் பழைய அடுப்பையே கூட வைத்துக்கொண்டார்கள். விஸ்கான்சினானாலும் ஒடிசாவானாலும், ஒரு நாள் வாங்குவதில் வேலை முடிவதில்லை.

சிலிண்டர் வந்த பிறகும்

2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் உஜ்வாலா திட்டம் தொடங்கியது. இன்று பத்துக் கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள். நல்ல அடுப்பைத் தேடியது போதும், விறகையே விடுவோம் என்ற முடிவு அது. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இணைப்பு வேறு, அடுத்த சிலிண்டர் வேறு. எழுத்தறிவுக்குப் பேர் போன கேரளத்திலேயே 2011 கணக்கெடுப்பின்போது 100 வீடுகளில் 62 வீடுகள் விறகில்தான் சமைத்தன. ஏழ்மை மட்டுமே காரணம் என்றால் இந்த எண் வராது. தோட்டத்தில் விழும் தென்னை மட்டையும் சில்வர் ஓக் கிளையும் காசில்லாமல் கிடைக்கும்போது யார் சிலிண்டரைக் கரைப்பார்கள்?

எங்கள் வீடே சாட்சி. சிலிண்டர் இருக்கிறது. டீ, தோசை, விருந்தாளிக்குக் காபி எல்லாம் கேஸில். சோறு, கொள்ளு, சுடுதண்ணி எல்லாம் விறகில். ஃபர்னஸ் வாங்கியதை அம்மாவிடம் சொன்னபோது, "அங்கயும் வெறகா கண்ணு? அப்ப என்னைய மட்டும் எதுக்கு கேஸ்ல ஆக்கச் சொல்ற?" என்று மடக்கினார். என் ஃபர்னஸின் கதவு மூடியிருக்கும், குழாய் கூரைக்கு மேலே போகும் என்று விளக்கினேன். "அப்ப எனக்கும் ஒரு கொழாய் வெச்சுக் குடு" என்றார். முப்பது வருஷத் திட்டங்களின் சுருக்கம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

வைத்துக் கொடுத்தோம். மண்ணார்க்காட்டிலிருந்து ஆள் வந்து கொடியடுப்போடு சேர்த்துக் கட்டி, குழாயைக் கூரை முகட்டுக்கு மேலே ஏற்றிவிட்டார். சுடுதண்ணி அடுப்பு வெளித் திண்ணைக்குப் போய்விட்டது. பரண் இருக்கிறது, விதை இப்போது மூடி போட்ட டிரம்மில், வேப்பிலையோடு. மாதம் ஒரு முறை குழாயில் கரி தட்ட வேண்டும். அதற்கு அம்மாவை ஏறவிடாமல் ஒருவருக்கு மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகை கொடுத்துவிடுகிறோம். சிலிண்டர் காசையும் அம்மாவின் செலவுக் கணக்கில் சேர்க்காமல் நாங்களே நேரடியாகக் கட்டிவிடுகிறோம். அவர் கையில் பணமாகக் கொடுத்தால் அது பேத்தியின் கொலுசாக மாறிவிடும்.

குளிர் நாட்டில் விறகு ஃபர்னஸ் வாங்க நினைப்பவர்களுக்கு என் பங்குக்கு நாலு வார்த்தை. சான்று வில்லையைப் பாருங்கள். உங்கள் மாநில, நகர விதியைத் தனியாக விசாரியுங்கள், அது ஈ.பி.ஏ. விதியைவிடக் கடுமையாக இருக்கலாம். விறகை வெட்டி அடுக்கி, மேலே மட்டும் மூடி, குறைந்தது ஒரு கோடை காய விடுங்கள். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். புகை என்பது எரியாமல் தப்பித்துப் போகும் விறகுதான். உள்ளே சுமார் 600 டிகிரி சூடும் போதுமான காற்றும் கிடைத்தால் அதுவும் எரிந்து உங்களுக்குச் சூடாக மாறும். புகை குறைந்தால் விறகும் குறையும். பரிஷத்காரர்கள் சொன்னதும் இதைத்தான்.

என்னைப் போல வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஊருக்குப் பேசுபவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. வாரா வாரம் போனில் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கிறோம். அடுத்த முறை 'எந்த அடுப்புலம்மா ஆக்குனீங்க?' என்றும் கேளுங்கள். விறகடுப்பு என்று பதில் வந்தால், குழாய் இருக்கிறதா, கடைசியாக எப்போது கரி தட்டினார்கள் என்று கேளுங்கள். அந்தப் புகைக்கு எந்த ஊரிலும் இன்ஸ்பெக்டர் வரப்போவதில்லை.